முதற்பிள்ளைக்குத் தந்தையாகப் போகிறேன்: அந்த நாற்பது நாளும் நான் எங்கே நிற்பது?

தாம்வேக்காரன் (கேள்வி)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் யாங்கோனில் தாம்வே பகுதியில் இருக்கிறேன். ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். என் மனைவிக்கு இப்போது 36ஆவது வாரம் நடக்கிறது. தலைப்பிரசவம். ஆனி மாதக் கடைசியில் குழந்தை பிறக்கும் என்று மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

என் அம்மா பெகுவிலிருந்து பூண்டு, பிரசவ காயம், வசம்பு, சாம்பிராணி என்று ஒரு மூட்டையுடன் போன வாரமே வந்து இறங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து மாமியார் தட்டோனிலிருந்து அதே சாமான்களை அதே அளவில் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் சமையலறையில் இப்போதிருக்கும் பூண்டை வைத்து இந்தத் தெருவுக்கே குழம்பு வைத்துவிடலாம். எதிர்வீட்டுப் பர்மியப் பாட்டி தம் பங்குக்கு மஞ்சளும் கரியடுப்பும் தருவதாகச் சொல்லி, பிள்ளை பெற்றவளை அனலில் வைத்துக் காக்கும் ‘மீதுவின்’ நாட்களுக்கு எந்த அறை தோதுப்படும் என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

கட்டிலைக் கிழக்கே தலைவைத்துப் போடச் சொன்னார் அம்மா. வாசலுக்கு நேராகத் தலை இருக்கக் கூடாது என்றார் மாமியார். சன்னல் காற்று முதுகில் படக் கூடாது என்றார் பாட்டி. ஒரே மாலைக்குள் நான்கு முறை கட்டிலை நகர்த்தினேன்; நான்கு முறையும் என் மனைவி அதன்மேல் உட்கார்ந்தபடியே, எழுந்திருக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தபோது ஐந்தாம் முறையும் நகர்த்தலாம் என்றே தோன்றியது.

எல்லாவற்றிலும் மாறுபடும் இந்த மூவரும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாகிவிடுகிறார்கள். ‘ஆம்பிளைக்கு இங்கே என்ன வேலை, தள்ளி நில்லு’ என்கிறார்கள். எனக்குத் தள்ளி நிற்க மனமில்லை. 2012ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, சந்தா செலுத்தும் தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த நாட்களில் நான் உண்மையாகச் செய்யக்கூடிய வேலை என்ன? வலி எடுக்கும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்? பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் நட்சத்திர எழுத்தையும் பர்மியக் கிழமை எழுத்தையும் எப்படிச் சேர்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன் அக்கா

தம்பி, மோல்மேனிலும் சுற்றுப்புற ஊர்களிலும் 31 ஆண்டுகள் பிரசவம் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். தள்ளி நிற்காதீர்கள். எங்கள் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் பிரசவ அறைக்குள் கணவரை விடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னும் பின்னும் தந்தைக்கு நிறைய வேலை இருக்கிறது.

நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பது மிகவும் நல்லது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும் அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் வரிசையாகக் குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படும் நேரம் வந்துவிட்டது. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்துவிட்டதாக உங்கள் மனைவி சொன்னாலோ நோட்டை மூடிவிட்டு உடனே கிளம்புங்கள். பொய் வலிக்குப் போய்த் திரும்ப நேர்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதற்பிள்ளைக்காக ஒருவர் தம் மனைவியை ஒரே வாரத்தில் மூன்று முறை சைக்காவில், அதாவது மிதிவண்டி ரிக்ஷாவில், ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை வந்தபோது, வழக்கமாக வருபவரை உபசரிப்பதுபோல எங்கள் வாயிற்காவலர் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுத் தேநீரும் வாங்கிவந்தார். நான்காம் முறை வந்தபோது, வாங்கிவந்த தேநீர் ஆறுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் சில சொட்டுகளே இருந்தாலும் பிள்ளைக்கு அதுவே போதும். இங்கேதான் உங்கள் இரண்டு மூட்டைகளும் அவிழும்: ஒருவர் சர்க்கரைத் தண்ணீரில் சேனை தொட வருவார், ஒருவர் தேன் என்பார், ஒருவர் வசம்பை உரைப்பார். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது, அதிலிருக்கக்கூடிய கிருமி பச்சைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும். ஆனால் பெரியவர்களிடம் ‘கூடாது’ என்று சொன்னால் வீடு இரண்டாகும். சேனை தொட ஆசைப்படுபவரைக் குழந்தையின் பாதத்தைத் தொட்டு வாழ்த்தச் சொல்லுங்கள் என்பது நான் பல வீடுகளில் கையாண்ட வழி. இதைச் சொல்ல வேண்டியவர் மருமகள் அல்லர். மகனும் மருமகனுமாகிய நீங்கள்தான்.

எதிர்வீட்டுப் பாட்டியின் மஞ்சள் தாயின் உடம்புக்கு நல்ல ஒத்தடம்தான். ஆனால் பிள்ளையின் தொப்புளில் மஞ்சளோ சாம்பலோ படக் கூடாது. அதை ஈரமில்லாமல் விட்டாலே ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். கரியடுப்பை மட்டும் தயவுசெய்து அறைக்குள் வைக்க விடாதீர்கள். அடைத்த அறையில் கரிப்புகை வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும். வெந்நீர்ப் பையில் அதே சூடு கிடைக்கும் என்று அன்பாகச் சொல்லுங்கள், கேட்பார்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த பிள்ளை முதல் சில நாளில் தன் எடையில் பத்தில் ஒரு பங்குவரை இழப்பது இயற்கை. இரண்டு வாரத்துக்குள் மீண்டும் பிடித்துவிடும். இது தெரியாமல் 2.8 கிலோவாகப் பிறந்த பேரன் நான்காம் நாள் 2.6 கிலோவாகிவிட்டான் என்று ஒரு பாட்டி எங்கள் தராசையே மாற்றச் சொன்னார். அவர் மனம் ஆறவேண்டும் என்று பக்கத்து அறைத் தராசிலும் நிறுத்துக் காட்டினோம். ஆனால் பிறந்து 24 மணி நேரத்துக்குள் உடம்பு மஞ்சளித்தாலோ, முதல் மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, பாலைக் குடிக்காமல் துவண்டாலோ, எந்தப் பாட்டி என்ன சொன்னாலும் மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

இன்னொன்று. மூன்றாம் நான்காம் நாளில் உங்கள் மனைவி காரணமில்லாமல் அழுவாள். உடம்புக்குள் நடக்கும் மாற்றம் அது. பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அந்த அழுகை நிற்காவிட்டால் அதற்கும் மருத்துவம் உண்டு. மறைத்து வைக்க வேண்டியதில்லை.

பஜுன்டவுங் அண்ணன்

அக்கா சொன்னதற்குமேல் மருத்துவம் சொல்ல எனக்குத் தெரியாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் மூத்த மகள் 2018ஆம் ஆண்டுப் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவின் இரண்டாம் நாள் பிறந்தாள். சித்திரை வெயில், தெருவெல்லாம் மேடை போட்டுக் குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், ஊரில் பாதி வண்டிகள் ஓடவில்லை. ஒரு டாக்சி கிடைத்தது; அதில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. கண்ணாடியை ஏற்றினால் புழுங்கிச் சாகவேண்டும், இறக்கினால் நனைய வேண்டும். முதல் மேடையை நெருங்கியபோது குழாயுடன் ஓடிவந்த ஒரு பையன், பின்னிருக்கையில் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் குழாயை வானத்தை நோக்கித் திருப்பினான். அடுத்த நொடியில் ஏழெட்டுப் பேர் எங்கள் வண்டிக்கு முன்னால் ஓடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மேடையிலும் கையைத் தூக்கிக் கத்தி, தண்ணீரை நிறுத்தி, கூட்டத்தை ஒதுக்கி, மருத்துவமனை வாசல்வரை வந்தார்கள். இரவு பகலாக நனைந்து ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். மன்னருக்குக்கூட அப்படி வழிவிட்டிருக்க மாட்டார்கள்.

என் மனைவியைச் சக்கர நாற்காலியில் உள்ளே அழைத்துச் சென்றதும், அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல வெளியே வந்தேன். அவர்கள் இன்னும் போகவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நல்வாழ்த்து என்று சொல்லி ஒரு முழுவாளித் தண்ணீரை என் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். சொட்டச் சொட்ட நின்ற என்னைத் தாதியர் உள்ளே விடவில்லை. காவலாளி தம்முடைய மாற்று லோன்ஜியை, பர்மியர் இடுப்பில் உடுத்தும் கைலியை, கொடுத்தார். நீலக் கட்டம் போட்ட, நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன லோன்ஜி. என் மகளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அதைத்தான் உடுத்தியிருந்தேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்தார்; பிள்ளைக்குத் துணியாகக் கிழித்துக்கொள் என்றார். அப்படியே செய்தோம். ஒரு துண்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

துணி என்றதும்தான் உங்கள் கேள்விக்கு வருகிறேன், தம்பி. உங்கள் பிள்ளை மழைக்காலத்தில் பிறக்கிறது. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு துணி நனையும். யாங்கோன் மழையில் ஒன்றுகூடக் காயாது. இரண்டாவது மகன் ஆடியில் பிறந்தபோது கூடத்தின் குறுக்கும் நெடுக்குமாக ஐந்து கொடி கட்டினேன். வீட்டுக்கு வந்தவர்கள் குனிந்து குனிந்துதான் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள்; எங்கள் தாத்தா அதைப் பார்த்துக் கப்பல் துறைமுகத்துக்குள் வருவதுபோல இருக்கிறது என்றார். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மின் இஸ்திரிப்பெட்டியை நம்ப முடியாது. கரிப்பெட்டி ஒன்று இரவல் வாங்கி, அறைக்கு வெளியே, திண்ணையில் வைத்துத் துணியைத் தேய்த்துக் காயவைத்தேன். தள்ளி நில் என்று சொன்ன பெரியவர்கள் யாரும் இந்த வேலைக்குப் போட்டிக்கு வரவில்லை. துணி மொத்தமும் என் பொறுப்பு என்று முதல் நாளே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் உங்கள் வரவை எவரும் கேள்வி கேட்க முடியாது, ஏனென்றால் கையில் காய்ந்த துணி இருக்கும்.

முதலிரண்டு நாளில் வரும் மலம் கறுப்பாகத் தார்போல ஒட்டும். பயந்துவிடாதீர்கள், அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் தேங்காயெண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் எளிதாக வந்துவிடும். ஆண்பிள்ளையானால் துணியை முழுவதும் விலக்குவதற்கு முன் இன்னொரு துணியை மேலே போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மகன் தன் மூன்றாம் நாளில், வாழ்த்தக் குனிந்த பெரியப்பாவின் பட்டுச் சட்டையிலிருந்து கண்ணாடிவரை அபிஷேகம் செய்துவிட்டான். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ‘கங்கைக்குப் போகவேண்டிய செலவு மிச்சம்’ என்றார். அன்றிலிருந்து அவன்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

இன்செய்ன் தங்கை

ஒரு தாயாக நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சை உடம்புக்காரிக்கு வேண்டியது தூக்கம். பிறந்த குழந்தை நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும், இரவு பகல் பார்க்காது. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்தை செய்யலாம். என் கணவர் நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கி என்னிடம் தருவார், ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைப்பார், பால் குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிக்கொண்டே கூடத்தில் நடப்பார். தாலாட்டு அவருக்குத் தெரியாது. பள்ளியில் படித்த பதினாறாம் வாய்ப்பாட்டைத் தாலாட்டு மெட்டில் பாடுவார். பிள்ளை தூங்கிவிடுவாள், பக்கத்து அறையில் என் மாமனார் விடையைச் சரிபார்த்துக்கொண்டு விழித்திருப்பார்.

படுக்க வைக்கும்போது மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும், தலையணை வேண்டாம். கொசுவலையைக் கட்ட மறவாதீர்கள். பிள்ளை பார்க்க வருபவர்களைக் கைகழுவச் சொல்வதும், சளி பிடித்தவரை வாசலோடு அனுப்புவதும் கட்டாயம் உங்கள் வேலை. நாங்கள் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

தட்டோன்காரர்

பெயரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

பர்மிய வழக்கில் பிறந்த கிழமைதான் முதலெழுத்தைத் தீர்மானிக்கும். திங்களுக்குக் ககர வரிசை, செவ்வாய்க்குச் சகர வரிசை, புதன் காலைக்கு லகரமும் வகரமும், புதன் பிற்பகலை இராகு என்று தனிக்கிழமையாக எண்ணி யகர ரகரம், வியாழனுக்குப் பகர மகரம், வெள்ளிக்கு ‘த்த’வும் ஹகரமும், சனிக்குத் தகர நகரம், ஞாயிறுக்கு உயிரெழுத்து. ஷ்வேடகோன் கோபுரத்தைச் சுற்றி எட்டுத் திக்கிலும் இந்த எட்டுக்கும் தனித்தனிப் பீடம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிறந்த கிழமைக்குரிய இடத்தில் நின்று நீர் வார்ப்பார்கள். நம்முடைய வழக்கிலோ நட்சத்திரத்தின் பாதம் எழுத்தைத் தருகிறது. இரண்டும் சேர்ந்து அமைவது குதிரைக்கொம்பு.

என் பேரன் சனிக்கிழமை காலை பிறந்தான், நட்சத்திரம் சுவாதி. சுவாதியின் நான்கு பாதங்களுக்கும் ரு, ரே, ரோ, த என்று எழுத்து. சனிக்கிழமைக்கும் ‘த’ பொருந்தும், சுவாதி நான்காம் பாதத்துக்கும் ‘த’ பொருந்தும் என்று கண்டதும் எங்கள் சம்பந்தி மகிழ்ந்து போய்ப் பெயரையே முடிவு செய்துவிட்டார். அதன் பிறகு ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, பிறந்தது மூன்றாம் பாதம், எழுத்து ‘ரோ’ என்றார். ஒரு பாதம் என்பது ஏறத்தாழ ஆறு மணி நேரம். சம்பந்தி தொட்டிலருகே போய்க் குனிந்து, ‘ஆறு மணி நேரம் பொறுக்கக் கூடாதா ராசா’ என்று கேட்டார். பேரன் அவர் மீசையைப் பிடித்துக்கொண்டான். கையில் எது பட்டாலும் இறுகப் பிடித்துக்கொள்வது பச்சைக்குழந்தையின் இயல்பு என்று நாங்கள் விளக்கியும், பேரன் தமக்குப் பதில் சொல்லிவிட்டான் என்றே அவர் இன்றுவரை நம்புகிறார்.

முடிவில், பிறப்புப் பதிவில் சனிக்கிழமைக்குரிய பர்மியப் பெயர், வீட்டிலும் கோயிலிலும் நட்சத்திரப் பெயர் என்று இரண்டு வைத்தோம். இந்த நாட்டில் நம்மவர் பலரும் இரண்டு பெயருடன்தான் வாழ்கிறோம். இரண்டையும் மனமொப்பி வையுங்கள். ஒன்றைப் பேருக்கு வைத்து மற்றதை மட்டும் அன்பாக வைத்தால், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கூப்பிடும் பெயர் அதற்கே அந்நியமாகப் படும். என் மகனுக்கு அப்படி நேர்ந்தது, அதனால் சொல்கிறேன். பர்மியர்கள் நூறாம் நாளை ஒட்டிச் சீயக்காயால் தலை கழுவிப் பெயர் சூட்டுவார்கள். நாம் முப்பதாம் நாள் செய்வோம். எதிர்வீட்டுப் பாட்டியை உங்கள் முப்பதுக்குக் கட்டாயம் அழையுங்கள். சீயக்காய் இரண்டு வழக்குக்கும் பொதுதான்.

தாம்வேக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. மகள் பிறந்து இன்று பன்னிரண்டாம் நாள். வியாழக்கிழமை விடியற்காலை, 3.1 கிலோ. தாயும் சேயும் நலம்.

நோட்டுப் புத்தகத்தில் 43 வலிகளைக் குறித்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து எனக்கே புரியவில்லை, டாக்சியில் எழுதியது. தாதியம்மா அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படி எழுதிக் கொண்டுவந்தவர்கள் குறைவு என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதவுக்கு வெளியே ஏழு மணி நேரம் நின்றேன். உள்ளேயிருந்து முதல் அழுகை கேட்டபோது என் அம்மாவும் மாமியாரும் எதிர்வீட்டுப் பாட்டியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். எது யாருடைய பூண்டு என்ற கேள்வி அதன் பிறகு எழவில்லை. இரண்டு மூட்டையையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள்.

கரியடுப்பு வேண்டாம் என்று பாட்டியிடம் சொன்னேன், அக்கா. முகம் வாடினார். மறுநாள் காலை வெந்நீர்ப் பை ஒன்றைத் தம் கையாலேயே பூப்போட்ட துணியில் உறை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சேனை தொட வந்தவர்கள் எல்லோரும் பாதத்தைத் தொட்டுத்தான் வாழ்த்தினார்கள். ஒரே நாளில் பதினான்கு பேர் தொட்டதில் பிள்ளை பாதத்தை உள்ளே இழுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். மூன்றாம் நாள் என் மனைவி அழுதாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நாள் நின்றுவிட்டது.

நட்சத்திரம் மகம், முதற்பாதம், எழுத்து ‘ம’. வியாழனுக்கும் ‘ம’ பொருந்துகிறது என்று பாட்டி சொன்னதும் மூவரும் கைதட்டினார்கள். ஆனால் பெயர்ப் பட்டியல் மட்டும் மூன்று தனித்தனிக் காகிதமாக இருக்கிறது. முப்பதாம் நாளுக்குள் ஒன்றாக்க வேண்டும். என் மனைவி மனத்தில் நான்காவதாக ஒன்று வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.

அண்ணா, கொடி ஆறு கட்டியிருக்கிறேன். மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, வெளியே பதினொரு துணி கிடக்கிறது. பிறகு வந்து எழுதுகிறேன்.